ஃபார்மோட ரெண்டாவது பக்கம்

ஜனவரி 6

அக்காவுக்கு உன் சில்வண்டு எழுதறது. நான் நல்லா இருக்கேன். அம்மா நல்லா இருக்காங்க, அவங்க முட்டி மட்டும் நல்லா இல்ல. நீ எப்படி இருக்க? மாமா, உங்க அத்தை எல்லாரும் சௌக்கியமா?

போன்ல நாலாயிரம் பேர் இருக்கற பரு குரூப்புக்கு அட்மின் நான், பேனா புடிச்சு எழுதறேன் பாரு. எல்லாம் உன்னாலதான். உனக்குப் போன் போட்டாலே உங்க அத்தை ஸ்பீக்கர்ல போடச் சொல்றாங்க. "அக்கா, முகம் எப்படி இருக்கு"ன்னு நான் கேட்டா, "முகத்துக்கு என்ன, கழுத்துக்கு மேலதான் இருக்கு"ன்னு பக்கத்துல இருந்து பதில் வருது. மெசேஜ் போட்டா மாமா படிச்சுட்டு சிரிக்கறார். அதான் உன் கார்மென்ட்ஸ் கம்பெனி அட்ரஸுக்கு எழுதறேன். செக்கிங் செக்‌ஷன்னு போட்டிருக்கேன், வந்து சேரும்ல?

விஷயத்துக்கு வரேன். கடைசில ஸ்கின் டாக்டரைப் பாத்துட்டேன் அக்கா. ஆறு வருஷம் சோப்பு, களிம்பு, ஆன்டிபயாடிக், யாரோ சொன்னாங்கன்னு முகத்துல தேய்ச்ச டூத்பேஸ்ட், எல்லாம் முடிஞ்சுது. டாக்டரம்மா என் கன்னத்தை லைட்ல திருப்பித் திருப்பிப் பாத்தாங்க. "இது உள்ளேந்து வர்ற கட்டிப் பரு, மேல தடவிப் போகாது"ன்னு சொல்லி ஐசோட்ரெடினாயின் எழுதினாங்க. எங்க குரூப்ல அதுக்குப் பேரு "பெரிய காப்ஸ்யூல்". அது கெடைச்சவங்களை நாங்க ராணுவத்துல சேந்த மாதிரி வாழ்த்துவோம். மொதல்ல ரத்தம் எடுத்தாங்க. அப்புறம் ஒரு ஃபார்ம், ரெண்டு பக்கம். ரெண்டாவது பக்கம் பூரா கல்யாணம் ஆனவங்களுக்குப் போல. எனக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்? கையெழுத்து போட்டுட்டேன். நர்ஸ் "படிச்சியாம்மா"ன்னு கேட்டாங்க. மனப்பாடமே பண்ணிட்டேன்னு தலையாட்டினேன்.

ஸ்டுடியோ வேலை அப்படியேதான் போகுது. பாஸ்போர்ட் போட்டோ எதுவா இருந்தாலும் கம்ப்யூட்டர்ல பரு அழிக்கறது நான்தான். ஒரு க்ளிக், ஒரு பரு. நேத்து ஒருத்தர், "எல்லாத்தையும் எடுத்துடுங்க, என் பொண்டாட்டிக்கு அடையாளம் தெரியற அளவுக்கு மட்டும் விடுங்க"ன்னார். ஊர்ல இருக்கற மூஞ்சியெல்லாம் சுத்தம் பண்றேன், என் மூஞ்சிக்கு அந்த க்ளிக் இல்ல. இப்ப வந்திருக்கு.

உனக்கும் கல்யாணத்துக்கு அப்புறம்தானே தாடைல வர ஆரம்பிச்சுது? உண்மையை எழுது. இதை யாரும் ஸ்பீக்கர்ல போட முடியாது.

சில்வண்டு


ஜனவரி 29

சில்வண்டுக்கு,

லெட்டர் வந்துது. நான் சௌக்கியம். அம்மா முட்டிக்கு வெந்நி ஒத்தடம் குடு, நீ குடுக்க மாட்ட, இருந்தாலும் சொல்றேன்.

மேனேஜர் கவரை என் டேபிள்ல வச்சுட்டு, "உனக்குக்கூட லெட்டர் எழுத ஆள் இருக்கா"ன்னு கேட்டார். பட்டன் ஹோல் பாத்துக்கிட்டே மத்தியானம் பூரா சிரிச்சேன். அந்த ஃபார்ம் கதையைப் பக்கத்துச் சீட்டு அக்காவுக்கும் படிச்சுக் காட்டினேன். நீ திருந்த மாட்ட.

தாடைல ஆரம்பிச்சது இப்ப கழுத்து வரைக்கும் வந்திருக்கு. தொட்டா வலிக்குது. தலகாணில ஒரு பக்கமாத்தான் படுக்கறேன். மருந்துக்கடைல ஒரு ட்யூப் குடுத்தாங்க, பத்து நாள் பளபளன்னு இருந்துது, நிறுத்தினதும் மூஞ்சி தீப்பிடிச்ச மாதிரி ஆயிடுச்சு. டாக்டர்கிட்ட போகலாம்னு கேட்டேன். "பருவுக்கெல்லாம் யாராவது டாக்டர்கிட்ட போவாங்களா, உள்ள ஏதோ சரியில்ல, அதான் வெளிய காட்டுது"ன்னாங்க அத்தை. அவங்க எதைச் சொல்றாங்கன்னு உனக்குத் தெரியும். கல்யாணம் ஆன நாலு வருஷமா அதைத்தான் சொல்றாங்க.

ஏப்ரல் கடைசில மாமாவோட தங்கச்சிக்குக் கல்யாணம். குடும்பப் போட்டோல நான் எங்க நிக்கணும்னு இப்பவே பேச்சு நடக்குது. ஓரமாம்.

உன் காப்ஸ்யூல் சீட்டு இல்லாம கடைல கெடைக்குமா?

அக்கா


பிப்ரவரி 12

அக்கா,

நலம்லாம் அப்புறம். மொதல்ல அந்த ட்யூபைத் தூக்கிப் போடு. அதுல ஸ்டீராய்ட் இருக்கு. எங்க குரூப்ல அந்த ட்யூப் போட்டு மூஞ்சி போனவங்களுக்குன்னே தனியா ஒரு லிஸ்ட் வச்சிருக்கேன். கேக்காம எதையாவது தடவிடற நீ.

காப்ஸ்யூல் சீட்டு இல்லாம கெடைக்காது. ஆனா உன் தங்கச்சி எதுக்கு இருக்கேன். எனக்கு தினம் ஒண்ணுன்னு எழுதியிருக்காங்க. ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டாலே போதும்னு குரூப்ல அனுபவசாலிங்க சொல்றாங்க. அப்ப பாதி மிச்சம். அது உனக்கு.

இந்த லெட்டரோட ஒரு தகர டப்பா வரும், ஹேர்பின் டப்பா. மேல பின்னு, கீழ பஞ்சு, பஞ்சுக்கு அடியில காப்ஸ்யூல். அட்டையோட அனுப்பினா பேரைப் பாத்து உங்க அத்தை ஆராய்ச்சி பண்ணுவாங்கன்னு ஒவ்வொண்ணாப் பிதுக்கி எடுத்துட்டேன். எங்க மேஜை பூரா வெத்து அட்டை, டப்பா பூரா முத்து. யாராவது பாத்தா முடிக்கு விட்டமின்னு சொல்லிடு.

சாப்பிட்ட ஒடனே போடு, வெறும் வயித்துல போடாத. உதடு காயும், வாஸ்லினைக் கையிலயே வச்சுக்க. வெயில்ல முகத்தை மூடிக்கோ. மொதல் மாசம் பரு அதிகமாகும், பயந்துடாத. அவ்வளவுதான். வேற ஒண்ணும் இல்ல.

கல்யாணப் போட்டோல நீ நடுவுல நிக்கற. நான் அழிக்கத் தேவையே இல்லாத மூஞ்சியோட.

சில்வண்டு


மார்ச் 10

சில்வண்டுக்கு,

அம்மா மாத்திரை ஒழுங்கா போடறாங்களா? இங்க எல்லாரும் நலம்.

டப்பா வந்துது. அத்தை தெறந்து பாத்தாங்க. "இந்த வயசுல இவ்வளவு பின்னா"ன்னு கேட்டுட்டு ரெண்டு பின்னை எடுத்துக்கிட்டாங்க. பஞ்சைத் தூக்கல.

உதடு உரியுது. பேசினா ஓரம் கிழியுது. போன வாரம் செக்கிங் டேபிள்ல மூக்குல ரத்தம் வந்து வெள்ளைச் சட்டைல சொட்டிடுச்சு. சூப்பர்வைசர் என்னைக் கேக்கல, சட்டையைத்தான் கேட்டார். மூஞ்சி முன்னைக்கு இப்ப மோசம். மாமா நேத்து ராத்திரி, "என்னடி இது, புது டிசைனா"ன்னார். நானும் சிரிச்சேன், உதடு வலிச்சுது.

நிறுத்திடட்டுமா?

அக்கா


மார்ச் 21

அக்கா அக்கா அக்கா,

நிறுத்திடாத. காலைத் தொட்டுக் கேக்கறேன். இது உள்ள இருக்கறதெல்லாம் வெளிய தள்ளற நேரம். எனக்கும் இப்படித்தான் இருந்துது, இப்ப வந்து பாரு. நேத்து ஸ்டுடியோ முதலாளி என்னைப் பாத்து, "உன்னையே எடிட் பண்ணிட்டியா"ன்னு கேட்டார். கன்னத்துல கை வச்சா கன்னம் மட்டும்தான் இருக்கு. பரு இல்லாத கன்னம் எவ்வளவு சின்னதா இருக்கு தெரியுமா?

இனிமே பரு விட்டுட்டுப் போன குழிதான் பாக்கி. அதுக்கு ஊசி உருளை, ஆசிட், லேசர்னு மூணு வழி இருக்கு. எல்லாம் குழியோட ஆழத்தைக் குறைக்கும், அழிக்காதுன்னு டாக்டரம்மா சொல்றாங்க. அதுவும் காப்ஸ்யூல் முடிஞ்சு ஆறு மாசம் கழிச்சுத்தானாம். நான் காத்திருப்பேன். ரெண்டு பேரும் சேந்தே பண்ணிக்கலாம்.

அடுத்த டப்பா அனுப்பியிருக்கேன். இதுல பின் இன்னும் அதிகம், உங்க அத்தை பங்கையும் சேத்துப் போட்டிருக்கேன்.

என் கதையைக் குரூப்ல போட்டதும் ஆளாளுக்கு எப்படிப் போடறது, எவ்வளவு போடறதுன்னு கேக்கறாங்க. எனக்குப் "பரு டாக்டர்"னு பேரு வச்சிருக்காங்க. அம்மாகிட்ட சொன்னேன், "அந்த டாக்டருக்குப் பாத்திரம் கழுவத் தெரியுமா"ன்னாங்க.

சில்வண்டு


மே 2

சில்வண்டுக்கு,

நலம். அம்மாவைக் கேட்டதாச் சொல்லு. பதில் போட லேட்டாயிடுச்சு, கல்யாண வேலை.

நீ சொன்னது நடந்துது. ஏப்ரல் ரெண்டாவது வாரத்துலேந்து ஒண்ணொண்ணா அமுங்கிப் போச்சு. கழுத்து சுத்தமாயிடுச்சு. கல்யாணத்துல போட்டோக்காரர் எல்லாரையும் நிக்க வைக்கறப்ப நான் பழக்கத்துல ஓரத்துக்குப் போனேன். அத்தைதான் கையைப் புடிச்சு இழுத்து, "இங்க வா, என் பக்கத்துல நில்லு"ன்னாங்க. நாலு வருஷத்துல அவங்க என் கையைத் தொட்டது அதுதான் மொத தடவை.

நடுவுல நின்னேன் சில்வண்டு.

காப்ஸ்யூலை நிறுத்தி ஒரு வாரம் ஆகுது. கொஞ்ச நாளா வாய் கசக்குது, சாப்பாட்டைப் பாத்தாலே கொமட்டுது. நாள் தள்ளிப் போயிருக்கு. யார்கிட்டயும் சொல்லிடாத, அம்மாகிட்டயும். உறுதியானதும் நானே எழுதறேன்.

அக்கா


மே 9

என் தங்கமே,

படிச்ச ஒடனே ஸ்டுடியோவுல கத்திட்டேன். போட்டோ எடுக்க ஒக்காந்திருந்த பெரியவர் கண்ணை மூடிட்டார், மறுபடி எடுக்க வேண்டியதாப் போச்சு.

நான் சித்தி. எனக்கு இதை எழுதிப் பாக்கணும் போல இருந்துது. சித்தி. சத்தியமா அம்மாகிட்ட சொல்லல, ஆனா பாத்திரம் கழுவினேன், அவங்களுக்கு ஏதோ சந்தேகம்.

பால் குடி, கனமா எதையும் தூக்காத. மொதல் போட்டோ நான்தான் எடுப்பேன். அந்த மூஞ்சில ஒரு க்ளிக் கூட வைக்க மாட்டேன்.

சித்தி


மே 20

அக்கா,

இதை நின்னுக்கிட்டே படிக்காத, எங்கயாவது ஒக்காந்துக்க.

இன்னிக்கு க்ளினிக் போயிருந்தேன். பக்கத்துல ஒரு பொண்ணு, புதுசாக் கல்யாணம் ஆனவ. அவளுக்கும் அதே ஃபார்ம். நர்ஸ் அவகிட்ட ரெண்டாவது பக்கத்தை வாய்விட்டுப் படிச்சாங்க. நான் போனைப் பாத்துக்கிட்டிருந்தேன், காது மட்டும் அங்க போச்சு. அந்தக் காப்ஸ்யூல் போடறப்ப கர்ப்பமாகவே கூடாதாம். நிறுத்தி ஒரு மாசம் வரைக்கும் கூடாதாம். வயித்துல இருக்கற கொழந்தைக்குத் தலை, காது, இதயம் எதுல வேணா கொறை வரலாமாம். ஒவ்வொரு அட்டை மேலயும் புள்ளத்தாச்சிப் பொண்ணு படம் போட்டு குறுக்க கோடு போட்டிருக்காம். நான்தான் அட்டையிலேந்து பிதுக்கி எடுத்துட்டேனே.

ஒடனே போன் பண்ணேன். உனக்கு ஞாபகம் இருக்கும். ஸ்பீக்கர்ல இருந்துது. "அக்கா, நான் குடுத்த விட்டமினைப் பத்தி டாக்டர்கிட்ட சொல்லு"ன்னேன். "அதை நிறுத்தி மூணு வாரம் ஆச்சு, நல்லா இருக்கேன்"னு சொன்ன. "என்ன விட்டமின்"னு உங்க அத்தை கேட்டாங்க. "முடிக்கு"ன்னு நீ சொன்ன. அப்பவே நான் காப்ஸ்யூல் பேரைச் சொல்லியிருக்கணும். உனக்காகப் பயந்தேனா எனக்காகப் பயந்தேனான்னு தெரியல. அப்புறம் கம்பெனிக்குப் போன் போட்டா, நீ லீவுன்னாங்க.

ரெண்டாவது பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து வச்சிருக்கேன். ஒரு பொம்பள டாக்டர்கிட்ட தனியாப் போய்க் காட்டு. எத்தனை போட்ட, எப்ப நிறுத்தினன்னு சொல்லு. என் பேரைச் சொல்லு. என்ன வேணா சொல்லு. போ அக்கா.


ஜூலை 3

சில்வண்டுக்கு,

நலம். லெட்டர் வந்துது. ஜெராக்ஸும் வந்துது.

பதினோரு வாரத்துல போயிடுச்சு. தானாத்தான். நெறைய பேருக்கு இப்படி ஆகும்னு டாக்டர் சொன்னாங்க. நீ குடுத்ததுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. மனசைப் போட்டுக் குழப்பிக்காத. அம்மாகிட்ட சொல்ல வேணாம்.

காப்ஸ்யூலை நிறுத்தாம ஒழுங்கா எழுதினபடி போடு. தினம் ஒண்ணு.

அக்கா


ஜூலை 15

அக்கா,

உடம்பு எப்படி இருக்கு? ரத்தம் நிறைய போச்சா? படுத்திருக்கியா, அதுக்குள்ள நிக்க வச்சுட்டாங்களா?

நீ "தானா"ன்னு எழுதின எடத்துல பேனா ரொம்ப நேரம் நின்னிருக்கு, மை ஊறி ஒரு புள்ளி இருக்கு. எனக்கு இந்தப் புள்ளியெல்லாம் கண்ணுக்குத் தெரியும், என் வேலையே அதான். டாக்டர் என்ன கேட்டாங்க? நீ என்ன சொன்ன? யாரு கூட வந்தாங்க?

குரூப்பை மூடிட்டேன். மூடறதுக்கு முன்னாடி பழசெல்லாம் தேடினேன். பதினொரு பேர் என்கிட்ட கேட்டு, பாதி பாதியாப் பிரிச்சுப் போட்டிருக்காங்க. எல்லாருக்கும் தனித்தனியா எழுதினேன். எட்டு பேர் பதில் போட்டாங்க, அவங்களுக்கு ஒண்ணும் இல்ல. ஒருத்தி என்னைத் திட்டிட்டுப் போயிட்டா. ரெண்டு பேர்கிட்டேந்து இன்னும் ஒண்ணும் வரல. அந்த ரெண்டு பேரோட பேரைத் தினமும் தெறந்து பாக்கறேன்.

டாக்டரம்மாகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். அவங்க திட்டல. மூக்குக்கண்ணாடியைக் கழட்டி வச்சுட்டு, "உங்க அக்கா இப்ப எப்படி இருக்காங்க"ன்னு மட்டும் கேட்டாங்க. அதைக் கேக்கத்தான் இதை எழுதறேன்.

என் மூஞ்சி சுத்தமாயிடுச்சு. ஸ்டுடியோ பாத்ரூம்ல கண்ணாடிக்கு மேல காலண்டரைத் தொங்க விட்டுட்டேன்.

உண்மையை எழுது அக்கா. மொத லெட்டர்ல கேட்டேன்ல, அதே மாதிரி கேக்கறேன்.


செப்டம்பர் 20

சில்வண்டுக்கு,

நீ எப்படி இருக்க, சாப்பிடறியா? அம்மா போன்ல, "அவ இப்ப வாயே தெறக்கறதில்ல, வீடு வெறிச்சுன்னு இருக்கு"ன்னாங்க. அப்படி இருக்காத. அவங்களுக்குச் சத்தம் வேணும்.

உன் மே மாச லெட்டர் எட்டு நாள் என் டேபிள்ல கெடந்திருக்கு. லீவு முடிஞ்சு வந்து, பாத்ரூம்ல ஒக்காந்து படிச்சேன். நீ சொன்ன மாதிரி ஒக்காந்துதான்.

மாமாகிட்ட மட்டும் சொன்னேன். கூட வந்தார். டாக்டர் பேப்பரைப் படிச்சாங்க, தேதியெல்லாம் கேட்டு எழுதிக்கிட்டாங்க. "கொறை வந்திருக்கலாம், வராமலும் இருந்திருக்கலாம். ஸ்கேன்ல எல்லாமே தெரியாது. முடிவு உங்களோடது"ன்னாங்க. ஸ்கேன்ல இதயம் துடிச்சுது. நான் பாத்தேன். நாலு நாள் யோசிச்சேன். தானாப் போகல. நான்தான் வேணாம்னு சொன்னேன். அது நல்லா இருந்துதா இல்லையான்னு இனிமே யாராலயும் சொல்ல முடியாது. அதைத்தான் உன்கிட்ட சொல்லாம இருந்தேன்.

"தானாப் போச்சு"ன்னு அத்தைகிட்ட மாமாதான் சொன்னார். அதுக்கப்புறம் என்கிட்ட அவர் பேசறதில்ல. சண்டையும் இல்ல. சாப்பிட்டுட்டு தட்டைத் தானே கழுவி வச்சுடறார்.

உன் மொத லெட்டரை எடுத்துப் பாத்தேன். "ரெண்டாவது பக்கம் பூரா கல்யாணம் ஆனவங்களுக்கு"ன்னு எழுதியிருக்க. நான் கல்யாணம் ஆனவதானே. படிச்சேன், சிரிச்சேன், பக்கத்துச் சீட்டுக்கும் படிச்சுக் காட்டினேன். ஒரு நாளைக்கு எண்ணூறு சட்டை பாக்கறேன், ஒரு தையல் விட்டிருந்தா கண்ணு போய் நிக்கும். அந்த வரில நிக்கல. அதனால இதுல பாதி என்னோடது. பாதி பாதியாப் பிரிச்சுக்கறது நமக்குப் பழக்கம்தானே.

அத்தை ஒரு முடிவுக்கு வந்துட்டாங்க. நாள் பூரா நின்னுக்கிட்டே வேலை பாத்ததாலதான் தங்கலையாம். இந்த மாசத்தோட கம்பெனி வேணாம்னுட்டாங்க. மறுத்துப் பேசலாம். பேசினா என்ன காரணம்னு சொல்லணும், காரணத்தைச் சொன்னா உன் பேரு வரும். அதனால அவங்க சொன்னதே இருக்கட்டும்.

பரு மறுபடி வந்துடுச்சு. தாடைல, அதே எடத்துல. அத்தை இப்ப ஒண்ணும் சொல்றதில்ல. அது முன்ன சொன்னதைவிடக் கஷ்டமா இருக்கு.

கூட ஒரு பாஸ்போர்ட் சைஸ் போட்டோ வச்சிருக்கேன். மே மாசம் ஆஸ்பத்திரி கார்டுக்காக எடுத்தது, உன் ஜெராக்ஸ் வர்றதுக்கு முன்னாடி. கார்டைக் கிழிச்சுட்டேன், இதைக் கிழிக்க முடியல. வீட்டுலயும் வச்சுக்க முடியல. என் மூஞ்சி இவ்வளவு சுத்தமா எப்பவும் இருந்ததில்ல. நீ வச்சுக்க. உனக்கு இதுல வேலை இல்ல.

இனிமே லெட்டர் போடாத. கம்பெனிக்கு வந்தா வாங்க ஆள் இல்ல, வீட்டுக்கு வந்தா பிரிச்சுடுவாங்க. போன் பண்ணு. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் பண்ணு, அம்மாவும் பக்கத்துல இருக்கட்டும். ஸ்பீக்கர்ல இருக்கும். எப்படி இருக்கன்னு கேளு. நல்லா இருக்கேன்னு சொல்வேன்.

நீ அதை நம்பிக்க.

அக்கா